குப்பம்மாள் பேரில் இரண்டாவது குடம்

தண்ணீர்ப் படகு கோட்டைக்குப்பத்துக் கரையில் முட்டி நின்றது. வழக்கமாகக் குடங்கள்தான் முதலில் இறங்கும். அன்றைக்குக் கணக்கப்பிள்ளை இறங்கினார். கையில் ஓலை.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரன் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. சித்திரை பிறந்துவிட்டால் குப்பத்துக் கிணறெல்லாம் உப்புக் கரிக்கும். ஏரிக்கு மேற்கே இருந்த குளங்களைப் பூபதி என்பவர் குத்தகைக்கு எடுத்து, நல்ல தண்ணீரைப் படகில் கொண்டுவந்து வீடு வீடாக ஊற்றினார். காசு இருந்தால் காசு, இல்லாவிட்டால் மீன், இறால். அதுவும் இல்லாவிட்டால் வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். முகத்துவாரத்தில் நின்ற கப்பல்களுக்கு ஆள் வாங்கிக் கொடுக்கும் தரகர்கள் அப்போது ஊரில் நிறைய. அப்படிக் கப்பல் ஏறியவர் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை.

“இருசம்மா வூடு எது?”

இருசம்மாள் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த இறாலைப் போடும் பனையோலைப் பறியை வாயில் கவ்வியிருந்தாள். பறியைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டுக் கரையேறினாள். பின்னாலேயே அவள் பெண் குப்பம்மாள், பத்து வயது, சொட்டச் சொட்ட வந்தாள்.

“நான்தான் சாமி.”

“நாப்பது நாளு. நாளைக்கி ரெண்டு கொடம். ஒரு கொடத்துக்கு எறா குடுத்து நேர் பண்ணிட்ட. இன்னொரு கொடம் நிக்குது. பத்து பணம்.”

“ரெண்டா? புருசன் போய் ரெண்டு வருசமாச்சு. நானும் எம் பொண்ணுமா ரெண்டே உசுரு. ஒரு கொடத்துலயே மிச்சம் புடிக்கிறவ நானு. வேற யாரு வூட்டு கணக்கையோ எம்மேல ஏத்திட்டீங்க.”

“பேரு சொல்லி வாங்கியிருக்குது. குப்பம்மாள்.”

“இந்தக் குப்பத்துல கல்ல வுட்டா ஒரு குப்பம்மா மேலதான் சாமி வுழும்!”

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை.

“இருசம்மா வூட்டு குப்பம்மா. பின்பக்கம். அப்டிதான் எழுதியிருக்குது. வெள்ளிக்கெழம வரோம். பணத்த வை. இல்லன்னா பொண்ண குளிப்பாட்டி வை.”

சிரிப்பு நின்றுபோனது.

படகில் தண்ணீர் ஊற்றுகிற நீலமேகத்தை இருசம்மாள் கரையிலேயே பிடித்துக்கொண்டாள். “டேய், நீயே தண்ணிய வித்துத் தின்னுட்டு எம் பொண்ணு தலையில கட்றியா?”

“எம் புள்ள மேல சத்தியம்க்கா. காலையில உன் வாசல்ல ஒரு கொடம் ஊத்துறேன் இல்ல? அப்பால உச்சி வெயில்ல பின்பக்கமா வர்றப்போ வேலிகிட்ட நிப்பா. வெயிலுக்கு முக்காடு போட்டுகினு. பேசவே மாட்டா, கொடத்த மட்டும் நீட்டுவா. மொத நாளு, பேரு இன்னா பாப்பான்னேன். குப்பம்மான்னா.”

“உச்சியில எம் பொண்ணு எங்கூட ஏரியில கெடக்குறாடா!”

நீலமேகம் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

“ஒண்ணு சொல்லட்டாக்கா? அவ கொடத்துல ஊத்துறப்போ சத்தமே வராது. நானும் காதுல தண்ணி பூந்துட்டுதுன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

வியாழக்கிழமை இருசம்மாள் ஏரிக்குப் போகவில்லை. பெண்ணைப் பக்கத்துக் குடிசையில் விட்டுவிட்டு, தன் குடிசைக்குள் கீற்றுத் தட்டியை ஒட்டி உட்கார்ந்தாள். எவளோ திருட்டுக் கழுதை, கையும் குடமுமாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கணக்கப்பிள்ளை முன்னால் நிறுத்திவிட்டால் தீர்ந்தது. அதுதான் அவள் எண்ணம்.

வெயில் ஏறியது. காக்கைகள் ஓய்ந்தன. ஏரிக் காற்று நின்றது. காயப்போட்ட மீனின் வாடை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு அந்த வாடையும் போயிற்று.

வேறு ஒரு வாடை வந்தது. வேப்பிலை. அதற்கு அடியில் புளித்த வாந்தி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வாந்திபேதி வந்த வருஷம், இதே குடிசைக்குள் மூன்று நாள் அடித்த வாடை.

இருசம்மாளின் கை தட்டியைப் பிடித்துக்கொண்டது.

வேலியோரம் ஒரு சிறுமி நின்றாள். நீலமேகம் வந்தான், தலையைத் தூக்காமல் ஊற்றினான், ஓட்டமாகப் போனான். அவள் குடத்தைத் தூக்கி வாயில் வைத்தாள்.

குடித்தாள்.

குடித்துக்கொண்டே இருந்தாள்.

தண்ணீர் கழுத்தில் வழிந்தது, துணியில் வழிந்தது, காலில் வழிந்தது. காலடி மண் நனையவில்லை.

முக்காடு நழுவியது. குழி விழுந்த கண். வெடித்த உதடு. ஏழு வயது.

“பொன்னி...” என்றாள் இருசம்மாள். சத்தம் வரவில்லை. உதடுதான் அசைந்தது.

அது கேட்டுவிட்டது.

“தண்ணி கேட்டேனே,” என்றது. “மூணு நாளும் கேட்டேனே.”

“வைத்தியன் குடுக்கக் கூடாதுன்னான்டி. குடுத்தா செத்துடுவன்னான்.”

“குடுக்காமயும் செத்துட்டேன்.”

இருசம்மாள் எழப் பார்த்தாள். பார்வை வேலிக்கு அப்பால் போயிற்று. மூத்தவள் பொன்னியம்மாள் போன அன்று குப்பத்தில் பிணம் தூக்கத் தெம்புள்ள ஆள் இல்லை. வேலிக்கு வெளியே, குப்பைமேட்டை ஒட்டிக் குழி தோண்டிப் போட்டுவிட்டு வந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அடுத்த பெண் பிறந்தது. அதையாவது சாவு தொடாமல் இருக்க வேண்டுமே. எல்லோரும் செய்வதுபோல அதே குப்பைமேட்டில் குழந்தையை ஒரு புரட்டுப் புரட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்தாள். இருசம்மாள் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். குப்பம்மாள் என்று பேர் வைத்தாள். யாருக்கும் வேண்டாத பிள்ளை, எமனுக்கு மட்டும் எதற்கு?

“எதுக்குடி அவ பேர சொன்ன?” என்று அழுதாள் இருசம்மாள். “நாளைக்கி அவள கப்பலுக்கு இட்டுகினு போயிடுவாங்கடி!”

அது தலையைச் சாய்த்துப் பார்த்தது.

“குப்பையில போட்டது யாரைம்மா? அவளையா?”

அது குப்பைமேட்டுப் பக்கம் கையை நீட்டியது.

“அவள ஒரு பொரட்டு பொரட்டி எடுத்துகின. என்னை இன்னும் எடுக்கலியே. அப்ப குப்பம்மா யாரு?”

இருசம்மாளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் தோன்றியது. படகு தோன்றியது. பக்கத்துக் குடிசையில் விளையாடிக்கொண்டிருந்த பெண் தோன்றினாள்.

“நீதான்டி,” என்றாள். “அந்தப் பேரு உன்னுதுதான். நீயே வச்சிக்கோ. நாளைக்கி வந்து கூப்ட்டா நீயே போயிடு.”

அது குடத்தைக் கீழே வைத்தது. பிறகு, ரொம்பச் சின்னக் குரலில்:

“மறுபடியுமா?”

காற்று திரும்பியது. மீன் வாடை வந்தது. வேலியோரம் யாரும் இல்லை.

மறுநாள் உச்சியில் கணக்கப்பிள்ளை இரண்டு தடியர்களோடு வந்து வாசலில் நின்றார்.

“பணம் கீதா?”

“இல்ல சாமி.”

“குப்பம்மா! வெளிய வா!”

குடிசைக்குள் பெண் வழக்கம்போலப் பதில் குரல் கொடுக்க வாயைத் திறந்தாள். இருசம்மாள் உள்ளே பாய்ந்து அந்த வாயைக் கையால் பொத்தினாள்.

“தோ வரேன்.”

குரல் குடிசைக்குப் பின்னாலிருந்து வந்தது. முக்காடு போட்ட சிறுமி நடந்து வந்து கணக்கப்பிள்ளை முன்னால் நின்றாள். அவர் மேலும் கீழும் பார்த்தார், முகத்தைச் சுளித்து மூக்கைத் தேய்த்துக்கொண்டார், ஓலையைக் கிழித்துப் போட்டார். தடியர்கள் அவளை நடத்திக்கொண்டு போனார்கள். அவள் ஏறியபோது படகு ஆடவில்லை. அதைப் பார்த்துவிட்ட நீலமேகத்துக்குப் படகு தள்ளும் கழி கையிலிருந்து நழுவியது.

அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு தடவை திரும்பியிருந்தால்கூட இருசம்மாள் தாங்கியிருப்பாள்.

அந்த வாரமே கப்பல் போயிற்று. உச்சிப் பொழுதில் வேலியோரம் யாரும் வரவில்லை என்று நீலமேகம் சொன்னான். ஆனாலும் அவன் பின்பக்கம் போவதை விட்டுவிட்டான்.

“இனிமே யாரு குப்பம்மான்னு கூப்ட்டாலும் ஏன்னு கேக்காத,” என்று இருசம்மாள் பெண்ணிடம் சொல்லி வைத்தாள்.

“அப்ப என்னை இன்னான்னுதான் கூப்டுவ?”

“யோசிச்சி வெக்கிறேன்.”

யோசித்தாள். எந்தப் பேரை நினைத்தாலும் நன்றாக இருந்தது. அதுதான் பயம். நன்றாக இருக்கும் பேரை வைத்தால் சாவுக்கும் பிடித்துப்போகுமே. மறுபடி குப்பைமேட்டுக்குப் போகவும் துணிவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். “ஏ புள்ள” என்று கூப்பிட்டே ஒரு மாதம் ஓட்டினாள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள். நல்ல வெயில். வாசலில் உட்கார்ந்து இருசம்மாள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பெண் நிழலில் சிப்பி அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தவள், சட்டென்று தலையைத் தூக்கினாள்.

“தோ!” என்று வேலிப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

“யாருடி?”

“அக்கா கூப்டுது.”

இருசம்மாளின் கை நின்றது. இப்படி ஓர் அக்கா இருந்தாள் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும், ஒருநாளும், சொன்னதில்லை.

“இன்னான்னு... இன்னான்னு கூப்டுது?”

“மரகதம்னு!” பெண்ணின் முகம் மலர்ந்திருந்தது. “எனக்குப் பேரு வச்சிருக்குதும்மா. நல்லா கீது இல்ல?”

இருசம்மாள் எழுந்து ஓடிப் பெண்ணை இழுத்து மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவள் காதுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

பெண்ணுக்குக் கேட்டது. மறுபடி தலையைத் திருப்பினாள். இந்தத் தடவை வேலிப் பக்கம் இல்லை, கூரைச் சாய்ப்புப் பக்கம்.

மறுபடியும். கதவுப் பக்கம்.

மறுபடியும். மெல்ல முகத்தை நிமிர்த்தி, அம்மாவின் தோளுக்கு மேலே, ஒரு சாண் தூரத்தில் எதையோ பார்த்துச் சிரித்தாள்.

“வந்துட்டேன்க்கா,” என்றாள் மரகதம்.