ஓடாத பத்துக் கிலோமீட்டர்

அம்மா இன்றைக்கும் கேட்கத்தான் போகிறாள், களைச்சுப் போனியோ பிள்ளை என்று. இன்றைக்காவது அவளுக்கு உண்மையான பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இந்த நினைப்பை வெளியே விடாமல், ஆரணி மூச்சளவியின் குழாயைப் பல்லால் கவ்விக்கொண்டு ஊதினாள். பனிச்சறுக்குத் தாவுமேட்டிலிருந்து இறங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தாவல் உடையைக் கழற்றியாயிற்று. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் கொடுத்தாயிற்று. தொடையிலும் கெண்டைக்காலிலும் ஒட்டியிருந்த வில்லைகள் தசையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தன. இன்னும் ஊது என்று தாதி கையால் காட்டினாள். ஆரணி அடி நுரையீரல்வரை காலியாக்கிவிட்டு நிமிர்ந்தாள். ஒன்பது வருடமாக இதே வரிசைதான். முதலில் தாவல், பிறகு அளவு, பிறகு மெழுகு, கடைசியில் ஒப்பம்.

மெழுகு அறையில் துஷானி இருந்தாள். ஆரணியின் மாமன் மகள், அணியின் மெழுகுக்காரி. ஸ்கீ பலகையைக் கவிழ்த்துப் போட்டு, சூடான இஸ்திரிப்பெட்டியால் அதன் அடியில் மெழுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒஸ்லோவில் ஒரே கட்டடத்தில் வளர்ந்தவர்கள். இருவரின் பாட்டன்மாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். ஊரார் முன்னால் நோர்வே மொழி பேசுகிற இந்த இரண்டு பேரும் மெழுகு வாசத்துக்குள் நுழைந்ததும் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

"எடியே, நூற்றிரண்டு மீற்றர்! மேலயே குடியிருக்கப் போறியோ எண்டு பாத்தன்."

"இறங்க மனமில்லை, மச்சாள். பனி எப்பிடி?"

"மைனஸ் நாலு. அரிசிமா மாதிரிக் கிடக்கு. இப்பிடி ஒரு பனி இனி எந்த வருசம் வரப்போகுது? வந்தும் ஆருக்கு? அந்தச் சனியன் பிடிச்ச வண்டிக்கு."

ஜன்னலுக்கு வெளியே காட்டோரமாக ஓட்டப்பாதை வளைந்து கிடந்தது. இரண்டரைக் கிலோமீட்டர் வளையம், நான்கு சுற்று. மரத்தூளின் அடியில் கோடை முழுவதும் காத்து வைத்த பழைய பனியின்மேல், இந்த வாரம் விழுந்த புதுப்பனி. விளிம்பு கலையாமல் சீவிவிட்டிருந்தார்கள். அதன்மேல் பனியளவி என்ற சிறிய வண்டி தனியாக ஊர்ந்துகொண்டிருந்தது. பனியின் இறுக்கம், வழுக்கல், ஏற்றத்தின் சரிவு எல்லாவற்றையும் அது எடுத்துக் கணிப்பு இயந்திரத்துக்கு அனுப்பும். பலகைக்குத் தேய்த்த மெழுகும் அந்தக் கணக்கில் சேரும். அது போன பிறகு அந்தப் பாதையில் எவரும் கால் வைக்கப்போவதில்லை. மாலையில் பனியை அள்ளி மறுபடியும் மரத்தூளுக்குள் போட்டுவிடுவார்கள்.

நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட போட்டி இது. மேட்டிலிருந்து தாவவும் வேண்டும், காட்டுக்குள் ஸ்கீயில் ஓடவும் வேண்டும். இரண்டுக்கும் இரண்டு விதமான உடம்பு வேண்டும் என்பதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. தாவலில் வாங்கிய புள்ளிகளை நொடிகளாக மாற்றும் பழைய அட்டவணை ஒன்று உண்டு. ஒரு புள்ளிக்கு நான்கு நொடி. நன்றாகத் தாவியவள் முதலில் புறப்படுவாள், மற்றவர்கள் அந்தந்த இடைவெளியில் துரத்துவார்கள். யார் முதலில் கோட்டைத் தொடுகிறாளோ அவளுக்குத் தங்கம்.

ஆரணி சில சமயம் யோசித்திருக்கிறாள், எல்லாம் அந்த அட்டவணையில்தான் தொடங்கியதோ என்று. காற்றில் மிதந்த உடம்பை நொடிகளாக எழுதலாம் என்று ஒப்புக்கொண்டவர்களுக்கு, ஓடும் உடம்பையும் எழுதிவிடலாம் என்பது பெரிய காரியமாகப் படவில்லை. ஒரு வருடம் புயல் அடித்து ஓட்டம் நின்றது. பயிற்சிக்காக வைத்திருந்த கணிப்பு இயந்திரத்தின் முடிவைக் கொண்டு பதக்கம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் வெயிலில் பனி உருகியது. அதற்கடுத்த வருடம் காரணம் தேடவே இல்லை. இயந்திரத்துக்கு முன்னறிவி என்று பெயர் வந்தது, அது சொல்வதில் தவறும் அநேகமாக வரவில்லை. பெண்களை இந்தப் போட்டிக்குள் விட நூறு வருடத்துக்கு மேல் யோசித்தவர்கள், ஓட்டத்தை வெளியே அனுப்ப மூன்று வருடம்கூட யோசிக்கவில்லை.

ஓட்டத்தைத் தூக்கிவிட்டார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. விதி இன்னும் இருக்கிறது. முப்பது பேரும் முன்னறிவியின் முடிவுக்கு ஒப்பமிட்டால் போட்டி முடிந்தது. ஒருத்தி மறுத்தாலும் ஓட்டம் நடந்தாக வேண்டும். யாரும் மறுத்ததில்லை. பின்னால் வந்தவள் மறுத்தால் அது பொறாமை. முன்னால் வந்தவளுக்கு மறுக்க என்ன பைத்தியமா?

ஏழாவது இடத்துக்கு ஒப்பமிட்டிருக்கிறாள் ஆரணி. பதினொன்றாவதற்கு, நான்காவதற்கு. அந்த நான்காவது நாளில்தான் மனதுக்குள் ஒன்றைச் சொல்லிக்கொண்டாள். அதை துஷானியிடம்கூடச் சொன்னதில்லை.

"நீ முதலாவது எண்டு கதைக்கினம்," என்றாள் துஷானி, பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு. "அப்பா நேற்றே சுவரில ஆணி அடிச்சுப்போட்டார். பதக்கத்துக்கு."

"ஆணி இருக்கட்டும். வேற எதையாவது கொழுவலாம்."

துஷானி அவள் முகத்தைப் பார்த்தாள். "என்னடி கதைக்கிறாய்? உனக்கு முப்பத்தொண்டு. அடுத்த வருசம் அணியில இடமில்லை எண்டு சொல்லியாச்சு. இதுதான் கடைசி."

"தெரியும். நல்லாத் தேய் மச்சாள், அடியைப் பாத்து."

ஒப்ப அறையில் தேநீரும் இலவங்கப்பட்டை பன்னும் வைத்திருந்தார்கள். வந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பலகைத் திரையில் விரலை வைத்துவிட்டு, பன்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆரணி உள்ளே போனபோது ஸ்கீ கூட்டமைப்பின் பிரதிநிதி ஹால்வரும், ஸ்லோவேனியாக்காரி நெஜாவும் மட்டும் இருந்தார்கள். ஹால்வர் வெள்ளைத் தாடிக்காரர், நல்ல மனிதர். தாவலில் காயப்பட்ட பெண்களை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கிறவர். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"வாழ்த்துகள், ஆரணி. முதலில் இதைப் பார்."

சுவர்த்திரையில் பந்தயம் ஓடியது. ஒப்பம் முடிந்ததும் அரங்கத்தில் காட்டப்போகிற படம். தாவலில் முதலாவதாக வந்த நெஜா புறப்பட்டாள். இருபத்திரண்டு நொடி கழித்து ஆரணி. அவளுடைய தோள், அவளுடைய குச்சி வீச்சு, எல்லாம் அச்சாக அவளேதான். எட்டாவது கிலோமீட்டர் ஏற்றத்தில் அந்த ஆரணி நெஜாவை முந்தினாள். முக்கால் நொடி வித்தியாசத்தில் கோட்டைத் தொட்டுக் கைகளைத் தூக்கினாள்.

ஆரணி தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். படத்திலிருந்தவளுக்கு மூக்கொழுகவில்லை. உதட்டோரம் எச்சில் உறையவில்லை. எட்டாவது கிலோமீட்டரில் அவளுக்குள் என்ன நடந்தது? விட்டுவிடலாம் என்று தோன்றியதா? தோன்றியும் எதற்காக விடவில்லை? அந்த ஒரு நிமிடத்தை யார் வாழ்ந்தது? முதல் முறை அம்மா ஓட்டம் இல்லை என்பது தெரியாமல்தான் கேட்டாள், களைச்சுப் போனியோ என்று. தெரிந்த பிறகும் விடாமல் கேட்கிறாள். அது குத்தலா, பழக்கமா என்று ஆரணிக்கு இன்னும் பிடிபடவில்லை. எட்டு மணி நேரம் நின்று மீன் வெட்டிவிட்டு வரும் அம்மாவுக்கு, களைப்பில்லாமல் முடிகிற வேலை எதுவும் தெரியாது.

"விரலை வை," என்றார் ஹால்வர். "நீதான் கடைசி."

ஆரணி கையைக் கோட்டின் பையிலிருந்து எடுக்கவில்லை. "நான் ஒப்பமிடவில்லை, ஹால்வர்."

ஹால்வர் ஏதோ இயந்திரக் கோளாறு என்பதுபோல் பலகைத் திரையைப் பார்த்தார். பேசியது நெஜாதான்.

"நீ ஜெயித்துவிட்டாய். காது கேட்கவில்லையா? எனக்கு நாலு மணிக்கு ரயில்."

"நெஜா, ஒன்று கேட்கட்டுமா? அந்த ஏற்றத்தில் என்னை முந்த விட்டிருப்பாயா?"

"உன்னையா? செத்தாலும் விடமாட்டேன்."

சொன்ன பிறகுதான் நெஜாவுக்குத் தன் குரல் கேட்டது. கையிலிருந்த பன்னைப் பார்த்தாள்.

"விடுவேன் என்றுதான் இப்போது ஒப்பமிட்டிருக்கிறாய்," என்றாள் ஆரணி.

ஹால்வர் கதிரையில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "யோசித்துப் பார், மகளே. நீ பத்துக் கிலோமீட்டரைப் பந்தயமாக ஓடியதே இல்லை. அறைக்குள் உருளைப்பட்டையில் ஓடிப் பயிற்சி எடுத்திருக்கிறாய், அவ்வளவுதான். எட்டாவதாக வரலாம். விழலாம். வெளியே ஆறாயிரம் பேர் தங்கத்தோடு உன்னைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். இது உன்னுடையது. யாரும் தானமாகத் தரவில்லை, உன் உடம்பிலிருந்துதான் கணக்கிட்டார்கள்."

"என் உடம்பைக் கேட்காமல்."

"பின்னால் வந்தவர்கள் எவரும் ஓட்டம் வேண்டும் என்று கேட்கவில்லையே!"

"அவர்களால் கேட்க முடியாது. நானும் நான்காவதாக வந்தபோது வாயைத் திறக்கவில்லை, சிரித்துவிடுவார்கள் என்று. முதலாவதாக வருகிறவள்தான் கேட்கலாம். அதற்காகத்தான் ஐந்து வருடமாகத் தாவினேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்று. இத்தனை காலம் உள்ளே கிடந்து எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது! பயம் போகவில்லை. சுவரில் ஆணி அடித்த மாமா நினைவுக்கு வந்தார். அந்த ஆணி சும்மா இருக்கும் நாள்களையும் நினைத்தாள். நினைத்த பிறகும் கை பையை விட்டு வரவில்லை.

நெஜா தட்டில் பன்னை வைத்தாள். காலணியைக் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள். "என் மெழுகுக்காரனைத் தேட வேண்டும். தூங்கியிருப்பான்," என்று எரிச்சலோடு சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு போனாள்.

வாசலில் துஷானி ஸ்கீகளோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் வழக்கம்போல.

"விசரி," என்றாள். "கெதியா வா. வெயில் ஏறினா என்ர மெழுகு சரிவராது."

ஹால்வர் ஒலிபெருக்கிக்காரர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். சில நொடிகளில் வெளியே அரங்கம் இரைந்தது. வாழ்த்தா, ஏச்சா என்று பிரித்தறிய முடியாத இரைச்சல். அவர் மேசையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து ஆரணியிடம் நீட்டினார்.

"ஓடு. தடுக்க எனக்கு விதியில்லை. ஆனால் இதையாவது வாங்கிக்கொள். எந்த ஏற்றத்தில் உனக்கு மூச்சு முட்டும், எந்த இடத்தில் கால் தளரும், எங்கே பலத்தைச் சேமிக்க வேண்டும், எல்லாம் இதில் இருக்கிறது. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்."

தாளின் மடிப்பு விளிம்பில் ஓர் எண் தெரிந்தது. ஆரணி கண்ணை அப்பால் எடுத்தாள். குனிந்து, காலணியின் பட்டையை இறுக்கினாள்.

"வேண்டாம், ஹால்வர்," என்றாள் மெதுவாக. "எங்கே களைக்கும் என்று நானே போய்ப் பார்க்கிறேன்."