மாவுக்கட்டுக்குள் கொளஞ்சி

டொக்... டொக்... விடிந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. பாயில் கிடந்த கைக்குழந்தை கொளஞ்சி, மார்பிலிருந்து கணுக்கால் வரை போட்டிருந்த மாவுக்கட்டைப் பிஞ்சுக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை. கூரை மூலையையே பார்த்துச் சிரித்தாள். அங்கே யாருமில்லை!

"பாத்தியா... யாரையோ கூப்புடுது!" ஆண்டாளின் நாத்தனார் காசியம்மாள் நடுங்கினாள். "கொயந்தைய கீழ போட்டு இடுப்ப கெடுத்துட்ட. இப்ப காலை விரிச்சி, பொணமாட்டம் சுண்ணாம்பு பூசி வெச்சிகினு கீற. நீயெல்லாம் ஒரு தாயாடி?"

ஆண்டாள் குழந்தையைக் கீழே போடவேயில்லை. பிறந்தபோதே இடுப்பு மூட்டு குழியில் சரியாக உட்காரவில்லை. காலை நீட்டிச் சேர்த்து இறுக்கிக் கட்டியதில் இன்னும் விலகிவிட்டது என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். கட்டியவள் காசியம்மாள்தான். கால் கோணாமல் வளரட்டும் என்று தினமும் குளிப்பாட்டி, பழைய வேட்டித் துணியால் ஆசை ஆசையாகக் கட்டினாள். பெற்ற ஒரே பிள்ளையையும் மண்ணுக்குக் கொடுத்தவள். சொன்னால் தாங்குவாளா? பழி தன்னோடு போகட்டும் என்று கணவன் கண்ணாயிரத்திடம்கூட ஆண்டாள் மூச்சு விடவில்லை.

இன்று கட்டுப் பிரிக்கும் நாள். இடஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காக வழியெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. கண்ணாயிரமும் மறியலுக்குப் போய்விட்டான். ஆண்டாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். திட்டிக்கொண்டே காசியம்மாளும் கூட வந்தாள்.

கள்ளக்குறிச்சி ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. விழுந்த புளியமரங்களில் இலை இன்னும் வாடவில்லை. ஒரு காக்கைகூட இல்லை. டொக்... டொக்... குழந்தை தட்டியது. தூரத்தில் எங்கிருந்தோ, டொக்... டொக்... பதில் வந்தது! கோடாலியாகத்தான் இருக்கும் என்று ஆண்டாள் மனதைத் தேற்றிக்கொண்டாள். காசியம்மாள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்து இடுப்பு மூட்டை அசைத்துப் பார்த்தார். "நல்லா உக்காந்துடுச்சிம்மா, நடப்பா. ஆனா மறுபடியும் காலை நீட்டிக் கட்டிடாதீங்க. அன்னைக்கே சொன்னேனே, அதுலதான் ஜாஸ்தி ஆச்சு. காலை விரிச்சி இடுப்புல வெச்சித் தூக்குங்க."

காசியம்மாள் முகம் வெளிறிப்போனது. மேஜைமேல் வெற்று மாவுக்கட்டு, உள்ளே யாரோ படுத்திருப்பதுபோல் காலை விரித்து மல்லாந்து கிடந்தது. அதையே பார்த்தாள்.

"நானாடி...? தெரிஞ்சிகினேவா என் ஏச்செல்லாம் கேட்டுகினு இருந்த...?"

"கட்டாத கொயந்தைக்கும் இது வருமாம் அண்ணி. நீங்க ஆசையிலதான கட்டினீங்க..."

"ஐயோ, பாவி நானு! உன் புருசன்கிட்ட நானே சொல்றேன். இந்தக் கையால இனிமே அவள தொடமாட்டேன்டி!" கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கதறினாள்.

ஆண்டாளுக்கும் அழுகை பொங்கியது. அந்தக் கையை இழுத்து, குழந்தையை அவள் இடுப்பிலேயே உட்கார வைத்தாள்.

"நீங்க தூக்காம வேற யாரு அண்ணி தூக்குறது?"

கொளஞ்சி இரண்டு காலையும் விரித்து அத்தையின் இடுப்பைக் கவ்விக்கொண்டாள். பிறகு வழக்கம்போலக் கையை ஓங்கி, அவள் நெஞ்சில் தட்டினாள். சத்தமே வரவில்லை. காசியம்மாள் அழுதுகொண்டே அந்தக் கையில் முத்தமிட்டாள்.