இரண்டாவது வளையம்

வளையம் தெறித்தது. அதில் புதுமை இல்லை. மத்தியானத்திலிருந்து தெறித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இந்த முறை அது விழுந்த சத்தம் தாரிக்கின் காதில் விழவில்லை.

எஃகு வளையம் சிமெண்டுத் தரையில் விழுந்தால் ஷெட் முழுக்கக் கேட்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டில் மரவள்ளிக் கிழங்கு லாரி ஒன்று முனகிக்கொண்டு போக, அதன் தூசியும் பச்சைக் கிழங்கு வாடையும் ஷட்டருக்கு அடியில் நுழைந்து டீசல் நெடியோடு கலந்தன. பின்பக்கம், ஷெட்டை ஒட்டிய வீட்டில், சுல்தானா பையில் துணி அடுக்கும் சரசரப்பு கேட்டது. வளையத்தின் சத்தம் மட்டும் இல்லை. மேசைக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடிவிட்டு நிமிர்ந்தான். மேசைமேல் விரித்திருந்த பனியன் வேஸ்ட் துணியின் நடுவில் வளையம் இருந்தது, யாரோ அந்தரத்தில் பிடித்து மெதுவாக வைத்துவிட்டுப் போனதுபோல.

தாரிக் பேய்க்குப் பயப்படும் ஆள் இல்லை. பெண்டாட்டிக்குப் பயப்படுவான், அதுவும் ஒன்பது மாத வயிற்றோடு இருக்கும் பெண்டாட்டிக்கு. நாளைக் காலையில் சுல்தானாவைத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பஸ்ஸின் குலுக்கலை அவள் தாங்கமாட்டாள் என்று, ரிப்பேருக்கு வந்திருந்த மாதவராஜின் காரிலேயே இன்றைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டான். தர்மபுரிக்காரரான மாதவராஜும், "வண்டிய எங்கூட்டுல கொண்டாந்து வுட்ருப்பா, சம்சாரத்தையும் ஏத்திக்கிட்டு வா" என்று பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார். எல்லாம் சரிதான். மேசைமேல் கழற்றி வைத்திருக்கும், இஞ்சினுக்குக் காற்றுத் தள்ளும் டர்போவைப் பூட்டி மாட்டினால் கிளம்பலாம்.

டர்போவைப் பூட்டுவது இரண்டு வளையங்கள். உள்ளே சின்னது, வெளியே பெரியது. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மூடித் தட்டு; அதை நன்றாக அமுக்கினால்தான் வளையம் உட்காரும் காடி கண்ணுக்குத் தெரியும். அமுக்கிய கையை எடுத்தால் அடியிலுள்ள புது ரப்பர் தட்டை மேலே தள்ளிக் காடியை மூடிவிடும். அதனால் ஒருவர் அமுக்க, இன்னொருவர் பிளையரால் வளையத்தைச் சுருக்கி இறக்க வேண்டும். வழக்கமாக அமுக்குவது கூட வேலை செய்யும் மாதையன். அவன் இன்றைக்குப் பார்த்துக் குடும்பத்தோடு தீர்த்தமலைக்குப் போய்விட்டான். தாரிக் முழங்கையால் அமுக்கிப் பார்த்தான், கட்டையால் முட்டுக் கொடுத்துப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"ஏங்க, இன்னும் எவ்ளோ நேரமாவும்?" சுல்தானா வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "இருட்டிக்கிட்டு வருது. இடுப்பு வேற புடிச்சாப்ல இருக்குது."

"அரை மணி நேரம். நீ படுத்துக்க."

"நான் வந்து புடிக்கட்டுங்களா?"

"வேணாம் சுல்தானா. நீ எந்திரிக்கவே எந்திரிக்காத."

மறுபடியும் பிளையரை மாட்டினான். வளையம் நழுவி அவன் கன்னத்தில் அடித்தது. மத்தியானத்திலிருந்து அடக்கிவைத்த ஆத்திரம் அத்தனையும் அப்போது வாயில் வந்தது.

"இவ்ளோ பெரிய ஊர்ல ஒருத்தருமா இல்ல? யாராச்சும் வந்து அமுக்குங்களேன்!"

அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். ரோட்டில் அடுத்த வண்டி வரவில்லை. வீட்டுக்குள்ளும் சரசரப்பு நின்றிருந்தது. டீசல் நெடிக்கும் கருகிய ஆயிலின் நெடிக்கும் நடுவே, அன்றைக்குத்தான் தோண்டிய குழியிலிருந்து வருவதுபோல ஈரமண் வாடை ஒன்று மெல்ல எழுந்து, மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் வந்து நின்றது. வாடை எப்படி நிற்கும் என்று கேட்டால் தாரிக்குக்குச் சொல்லத் தெரியாது. அது நின்றது.

தட்டு கீழே இறங்கியது.

அவன் கை அதன்மேல் இல்லை. தட்டில் பூசியிருந்த ஆயில் இரண்டு இடத்தில் விலகி, வட்டமாக இரண்டு தடங்கள் தெரிந்தன. கட்டைவிரல் அகலம். காடி முழுசாகத் தெரிந்தது.

ஓடிவிடத்தான் நினைத்தான். கால்கள் அதற்குத் தயாராகவும் இருந்தன. ஆனால் இடுப்பு பிடிக்கிறது என்றாளே. இன்று கிளம்பாவிட்டால் ராத்திரி அவளுக்கு வலி கண்டால்? பிஸ்மி சொல்லிக்கொண்டு பிளையரை எடுத்தான். வளையம் இந்த முறை தெறிக்கவில்லை. சமர்த்தாக இறங்கி உட்கார்ந்தது. டக்.

ஆயிலில் இருந்த தடங்கள் மறைந்தன. வாடை மட்டும் போகவில்லை. காத்துக்கொண்டிருந்தது.

வெளித்தட்டை எடுத்து வைத்தான். பெரிய வளையத்தைப் பிளையரில் மாட்டினான். எதிரே ஒருவர் நிற்பது இப்போது அவனுக்குத் தெரியும், தெரிந்தேதான் கேட்டான். தன் குரல் இவ்வளவு மரியாதையாக இருப்பது அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

"இன்னொன்னு இருக்குதுங்க."

தட்டு இறங்கியது. முன்னைவிட வேகமாக. மேசைக் கால் கிறீச்சிட்டது. நெற்றியில் சில்லென்று ஏதோ பட்டது. எதிரே குனிந்திருக்கும் ஒருவரின் மூச்சு. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. வளையத்தை மட்டும் பார்த்தான். டக்.

"போதுங்க. கைய எடுத்துருங்க."

தடங்கள் மறைந்தன. மேசைக்கு எதிரே வாடை இல்லை. தாரிக்குக்கு அழுகையே வந்துவிட்டது. முடிந்தது. அரை மணியில் கிளம்பலாம். சுல்தானாவிடம் இதைச் சொல்லவே கூடாது.

"ஏங்க."

வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல். தூக்கக் கலக்கம்.

"எப்ப வந்தீங்க? வேல முடிஞ்சுதுங்களா?"

தாரிக் இன்னும் ஷெட்டில் மேசையருகேதான் நின்றான். கையில் பிளையர்.

"கை ஏங்க இப்புடிச் சில்லுனு இருக்குது?"

பிளையரைப் போட்டான். ஓடினான்.

"அமுக்காதீங்க. ஏங்க. புள்ள இருக்குது."

கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். அறை முழுக்க ஈரமண் வாடை. வயிற்றின்மேல் இழுத்துப் போர்த்திய சேலையில் இரண்டு பள்ளங்கள். வட்டமாக. பக்கத்தில் பக்கத்தில்.

பாய்ந்து பிடித்தான். பிடித்து இழுக்க அங்கே கை இல்லை. அவன் விரல்களுக்குக் காற்றும் சேலையும்தான் அகப்பட்டன.

"விட்ருங்க," என்று கத்தினான். "நான் கூப்புடல. முடிஞ்சிருச்சு. போயிருங்க."

சுல்தானா கண்ணைத் திறந்தாள். முகத்தருகே அவனைத்தான் பார்த்தாள். வேறு யாரையும் அவள் பார்க்கவில்லை.

"கைய எடுங்க," என்றாள். கெஞ்சினாள். "உங்களக் கும்புடறேன். கைய எடுங்க."

தாரிக் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். தலைக்கு மேலே. விரல்களை விரித்து.

பள்ளங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன.