கன்னிவாடி முனை

“லைன நிறுத்துங்கண்ணே. நிறுத்தாம நான் கண்ணாடியத் தொட மாட்டேன்.”

வாக்கி டாக்கியில் இதைச் சொல்லிவிட்டுத் தமிழ்மதி பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். இன்டர்நெட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேற்பார்வையாளர் பாக்கியராஜ் எச்சரித்திருந்தார். லீவு கேள், இடமாற்றம் கேள், கன்னிவாடி லைனை நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்காதே. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். எதைக் கேட்கக் கூடாது என்று சொல்லித்தர ஆளுக்கா பஞ்சம்?

கன்னிவாடிக்கு வெளியே, தென்னந்தோப்புக்கு நடுவில், கைவிடப்பட்ட தண்ணீர்த் தொட்டி. அதன் தலையில் ஒரு தகர அறை. அறைக்குள் பால்கேன் பருமனில் நின்ற லேசர் கருவி, திண்டுக்கல்லில் ஒரு லாட்ஜ் மொட்டைமாடியில் இருந்த தன் ஜோடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழி தோண்ட வேண்டாம், கேபிள் இழுக்க வேண்டாம். வெட்டவெளியில் வெறும் ஒளியாகவே தகவல் போகும். கண்ணுக்குத் தெரியாத ஒளி, நேராகப் பார்த்தால் கண் போய்விடும். அதற்குத்தான் நிறுத்தச் சொன்னாள்.

பனி இறங்கினால், மழை வந்தால் இந்த மாதிரி லைன் அறுந்துபோகும். எல்லா ஊரிலும் அப்படித்தான். கன்னிவாடி லைன் மட்டும் ஒருநாளும் அறுந்ததில்லை. கம்பெனிக்கு அதில் பெருமை.

கண்ணாடியைத் துடைக்கவே வேண்டாம் என்றார் திண்டுக்கல் முனையில் இருந்த பாக்கியராஜ். கருவியை ஒரு இழை திருப்பிவிட்டு, அதன் திசையைத் திருத்தும் திருகை அப்படியே பிடித்திருந்தால் போதுமாம். இந்த வேலையின் முறை அது. ஒருவர் இங்கே திருகைப் பிடித்திருப்பார். மறுமுனைக்காரர் ஒளியின் அளவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவார். ‘போதும், இறங்கு’ என்று அவர் வாயால் சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் எல்லாம் முதலிலிருந்து.

பிடித்தாள்.

வாக்கி ஓய்ந்துபோனது. மதிய வெயிலில் தகரம் படபடத்துக்கொண்டிருந்தது. முதுகில் வியர்வை ஓடியது. ஆனால் உள்ளங்கையில் திருகு மட்டும் சில்லென்றிருந்தது. எங்கிருந்தோ மழை நனைத்த மண்ணின் வாசம் வந்தது. மாசக்கணக்கில் மழை இல்லை. மண்வாசத்துக்குப் பின்னாலேயே கருகிய முடியின் நாற்றம்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

காற்றே இல்லை.

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. அவள் விரல்களின்மேல் ஈரமாக இன்னொரு கை அழுத்திக்கொண்டிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

“அண்ணே…”

வாக்கியில் இல்லை. காதருகில்.

“போதுமாண்ணே? இறங்கவா?”

கேட்டுக் கேட்டு அலுத்த ஓர் ஆணின் குரல். தமிழ்மதி மறு கையால் வாக்கியை எடுத்து, இங்கே இருப்பது யார் என்று கேட்டாள். மறுமுனையில் பாக்கியராஜ் முணுமுணுத்தார். அவளுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவன் பாண்டியராஜ். மழை கட்டிய ஒரு சாயங்காலம், லைன் கிடைத்த சந்தோஷத்தில் பாக்கியராஜ் டீ குடிக்கப் போய்விட்டார். இறங்கு என்று சொல்ல மறந்துபோனார். இடி விழுந்து சாகும்வரை பாண்டியராஜ் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. யாரும் சொல்லாமல் அவனே ஏறிப் போனான் என்று நிலக்கோட்டையில் இருந்த அவன் மனைவி சூர்யகலாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“இப்பச் சொல்லுங்க,” என்றாள். “நீங்க ஒரு வார்த்த சொன்னா அவரு இறங்கிருவாரு.”

“சொன்னா லைன் போயிருமேத்தா. பனியிலயும் மழையிலயும் அவன்தான பிடிச்சிட்டு நிக்கிறான். ஒத்தையா எம்புட்டு நாளைக்கி நிப்பான்? அதான் ஒன்னைய ஏறச் சொன்னேன்.”

கதவு அசையவில்லை. விரல்கள் மரத்து, எது தன் கை, எது அவன் கை என்று தெரியாமல் போயிற்று.

பயத்துக்கு அடியிலிருந்து கோபம் கிளம்பியது.

“அண்ணே, அந்தாளு சொல்ல மாட்டான்,” என்றாள், பக்கத்தில் நின்ற வெறுமையிடம். “நான் யாரையும் கேக்காம இறங்கப் போறேன். வாரதுன்னா வாங்க.”

இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து திருகில் தங்கியது. அதே வேகத்தில் பேட்டரி வயரைப் பிடுங்கினாள். கருவியின் விளக்குகள் அணைந்தன. தோளால் முட்டியதும் கதவு திறந்துகொண்டது. வெயில் முகத்தில் அடித்தது.

வாக்கியை அங்கேயே போட்டுவிட்டு இரும்பு ஏணியில் காலை வைத்தாள். போக வேண்டிய இடம் முடிவாகிவிட்டது. நிலக்கோட்டையில் சூர்யகலா வீடு. அவளையும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன். யார் மறித்தாலும் சரி.

பாதி இறங்கியிருப்பாள். மேலே வாக்கி கரகரத்தது.

“தமிழு, லைன் அம்புட்டு சுத்தமா வருது. ரெண்டு பேரு பிடிச்ச மாதிரி இருக்கு. அப்படியே இரு தாயி.”

தகர அறைக்குள், அவள் தோல் ஒட்டிய திருகின் பக்கமிருந்து பதில் போனது. அவள் குரலிலேயே.

“சரிண்ணே.”

தமிழ்மதி அண்ணாந்து பார்க்கவில்லை. ரத்தம் வழியும் கையால் அடுத்த கம்பியைப் பிடித்தாள், இறங்கினாள், தோப்பைத் தாண்டி பஸ் போகும் ரோட்டை நோக்கி நடந்தாள்.