மூடியின் அடியில் ஈரம்

மழை விட்டு வானம் வெளிறிக் கிடந்த ஒரு முற்பகலில் சுனேகிச்சி, கினுவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு கையில் தாள், மறு கையில் சிவப்பு மை டப்பா. போரில் இறந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மறுநாள் நினைவுக்கல் திறப்பு. பன்னிரண்டு பெயர்களையும் செதுக்கியாகிவிட்டது. பதினொரு வீட்டார் சம்மதமென்று, கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் வீட்டு முத்திரையைக் குத்திவிட்டார்கள். பாக்கி, மினோருவைப் பெற்ற கினு ஒருத்திதான்.

போர்க்காலத்தில் தெருக்குழுவுக்குத் தலைவர் இதே சுனேகிச்சிதான். வயலிலிருந்து களைத்து வந்த பெண்களை வரிசையாக நிறுத்தி மூங்கில் ஈட்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். குண்டு போடுகிற விமானத்தை மூங்கிலால் சமாளித்துவிடலாம் என்று நம்பிய மேதாவி. நாட்டுக்கு இரும்பு வேண்டுமென்று வீடுவீடாகச் சட்டிகளைப் பிடுங்கினார்; தன் வீட்டுச் சட்டியை மட்டும் கொல்லையில் புதைத்துக்கொண்டார். சிறைப்படுவதைவிடச் சாவதே மேல் என்று தெருமுனையில் முழங்கினார். நாடு தோற்ற மறுமாதமே அமெரிக்க ஜீப்பின் முன்னால் இடுப்பொடியக் குனிந்து ஜனநாயகம் பேசினார். ஏழு வருஷம் கழித்து அந்த ஜீப் போனதும் மறுபடி நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

உள்ளே, மினோரு உட்காரும் இடத்தில் ஒரு சிறு சாப்பாட்டுப் பலகை போட்டு, மூடிய கிண்ணமும் சாப்பிடும் குச்சிகளும் வைத்திருந்தாள் கினு.

தூரம் போனவனுக்கு வேளாவேளைக்கு இப்படிச் சோறு வைப்பார்கள். பிறகு மூடியைத் திறந்து பார்ப்பார்கள். அடியில் ஈரம் பூத்திருந்தால் போனவன் உயிரோடு இருக்கிறான். காய்ந்திருந்தால் இல்லை. போர் நாளில் அந்த ஊரில் மூடியைத் திறந்து பார்க்காத பெண்ணே கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன் மினோருவின் எலும்பென்று வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி வந்தது. உள்ளே ஒரு கூழாங்கல் கிடந்தது. அதன் பிறகும் கினு மட்டும் சோறு வைப்பதை நிறுத்தவில்லை.

“முத்திரைய எடு கினு. எனக்கு ஆயிரம் வேல கெடக்கு.”

“உசிரோட இருக்கறவனுக்கு எதுக்குக் கல்லு, தலைவரே? தினம் மூடி ஈரமா இருக்கு.”

“சுடுசோத்த மூடி வெச்சா ஈரம் வராம புழுதியா வரும்?”

கினு கோபப்படவில்லை. “அவன்கூட கைதி முகாம்ல இருந்த பையன் கடுதாசி போட்டிருக்கான். ரெண்டு பேரும் ஒரே கப்பல்லதான் ஊர் திரும்பினாங்களாம். நாளைக்கு டவுனுக்குப் போய் அவனப் பாத்து விசாரிக்கப் போறேன்.”

சுனேகிச்சி மை டப்பாவைத் திறந்தார், மறுபடி மூடினார்.

கப்பலில் இறங்கிய மினோரு எதுவரை வந்தான் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன், பனி கொட்டிய ஒரு மாலையில், ஊர்ப் பாலத்தின் முனைவரை வந்திருந்தான். எலும்பும் தோலுமாக, கைதிக்குக் கொடுத்த சட்டையோடு நின்றான். அந்த மகாவீரர் குடையை நீட்டி வழியை மறித்தார். “பிடிபட்ட பயலுக்கு இந்த ஊர்ல என்ன வேல? உனக்குக் கல்லற கட்டியாச்சு. உங்கம்மாவே உன்ன வாசப்படி ஏத்த மாட்டா.”

“பாலத்தைத் தாண்டட்டுமா, தலைவரே? அம்மாவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்.”

கூடாது என்று தலையாட்டிவிட்டு அவர் திரும்பி நடந்தார். பின்னால் ஆற்றில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சூடாகச் சூப் குடித்தார்.

இப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. “சரி, நான் வெக்கிறேன் சோறு. பழைய சோறு. மூடி காஞ்சிருந்தா முத்திர குத்தணும். டவுனுக்கும் போகக் கூடாது.”

“குத்தறேன்” என்றாள் கினு.

கிண்ணத்தில் ஆறிய சோற்றை அவரே போட்டார். மூடியைத் தன் துண்டால் மூன்று முறை துடைத்தார். மூடினார். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து புகை பிடித்தார். மழை இல்லை. காற்றும் இல்லை.

எங்கிருந்தோ பனி உருகிய தண்ணீரின் வாடை வந்தது.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தும் அவர் வாயிலிருந்து வெண்மூச்சு வந்தது.

சொட்.

மூடியின் விளிம்பிலிருந்து ஒரு துளி பலகையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. சுனேகிச்சி பாய்ந்து மூடியைத் தூக்கினார். அதன் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. விரல்கள் விறைத்துப்போகும் குளிர்ச்சி. ஆற்றுப் பாசியின் நாற்றம்.

“தினம் ஒண்ணுதான் கேக்கறான்” என்றாள் கினு மெல்ல. “பாலத்தைத் தாண்டட்டுமான்னு. எவன் தடுக்கறான்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?”

சுனேகிச்சி மூடியை மறுபடி கிண்ணத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

அவர் காதருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

*தாண்டட்டுமா, தலைவரே?*

“தாண்டட்டும்” என்று உளறினார். “தாண்டித் தொலையட்டும்.”

சொட்டுவது நின்றது.

வாசல் கதவு தானாக விலகியது. கினு அந்தப் பக்கம் பார்த்தாள். எட்டு வருஷமாக அழாதவள் அப்போது அழுதாள். “வாப்பா” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்திரையை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினாள்.

“எடுத்துக்கிட்டுப் போங்க. எம்புள்ள வந்துட்டான். இனி டவுன்ல விசாரிக்க ஒண்ணுமில்ல.”

அவர் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினார். பாதி வழியில் வெட்கம் வந்தது. வீட்டை நெருங்குவதற்குள் அதுவும் போய்விட்டது. வேலை முடிந்ததல்லவா. கல்லும் திறக்கலாம், பேச்சும் பேசலாம். இந்த மாதிரி ஆட்களுக்கு வெட்கம் தெரு தாண்டாது.

மனைவி தோமே இரண்டு கிண்ணம் சூப்பை மூடி எடுத்து வந்தாள், கொதிக்கக் கொதிக்க. அவள் தன் மூடியைத் திறந்தாள். அடியிலிருந்து முத்து முத்தாக நீர் உருண்டது.

அவர் தன் மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது.

மூடி காய்ந்திருந்தது.

விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரமில்லை.

“என்னங்க, முகம் வெளுத்துப்போச்சு?”

“வேற மூடி குடு.”

தோமே தன் மூடியை நீட்டினாள். அவர் அதை வாங்கித் தன் சூப்பை மூடினார். நூறு வரை எண்ணினார். திறக்கக் கை வரவில்லை. தோமேதான் திறந்தாள்.

போர்க்காலத்தில் தம்பிக்காக இரண்டு வருஷம் மூடி திறந்து பார்த்தவள் அவள். புரட்டிப் பார்த்தாள். அதுவும் காய்ந்திருந்தது. அவரைப் பார்த்தாள். தன் சாப்பாட்டுப் பலகையை அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.