மதலைமுத்து கல்லறையில் இரண்டு மெழுகுவர்த்தி

"ஏங்க... யாருங்க நீங்க? எங்க கல்லறையில வந்து மெழுகுவர்த்தி ஏத்தறீங்களே?"

தூறல் விழுந்துகொண்டிருந்தது. இடுப்பில் செவ்வந்திப் பூக்கூடை, கையில் மெழுகுவர்த்திக் கட்டு, தலையில் நனைந்த முக்காடு... ராஜமேரி அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா மதலைமுத்துவின் கல்லறை முன்னால் முன்பின் தெரியாத ஒருவன் முழங்காலில் இருந்தான். காற்றுக்கு அணைந்து அணைந்து போகும் மெழுகுவர்த்தியை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அன்று கல்லறைத் திருநாள். 1968ஆம் வருஷம். நல்லம்பள்ளிக்குக் கிழக்கே இருக்கும் சம்மனசுப்பட்டியில் வேதக்காரக் குடியானவர்கள் அத்தனை பேரும் கோயில் பின்னாலிருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு வரும் நாள். ஆனால் பூசை முடியாமல் யாரும் வரமாட்டார்கள். கல்லறைகளைச் சுத்தம் செய்து வைக்கத்தான் அவள் முன்னாடியே வந்திருந்தாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். அழுத கண்கள். இமையில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. திட்டுவதற்காக அவள் தயார் பண்ணி வைத்திருந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"இது மதலைமுத்து கல்லறைதானுங்களே? கல்லுல பேர் இருக்குதுங்க."

"ஆமாங்க. எங்க தாத்தாவைப் பெத்தவரு."

"எங்க அப்பாவைப் பெத்தவருங்க" என்றான் அவன்.

எழுந்து நின்று, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விவரம் சொன்னான். பேர் அருள்நாதன். கோலார் தங்கவயலில் பிட்டர் வேலை. அப்பா கஸ்பார் ஆவணி மாசம் இறந்துபோனார். மீசை முளைக்காத வயசில் இந்த ஊரை விட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. அதிகம் பேசாத மனுஷன். சாகும்போது மட்டும் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கப்பன் மதலைமுத்து சம்மனசுப்பட்டி மண்ணுல கெடக்கறாரு, ஒரு நாளும் நான் ஒரு வெளக்கு ஏத்தல, எனக்குப் பதிலா நீ போய் ஏத்துடா என்று கேட்டுக்கொண்டார். ராத்திரி ரயில் ஏறி, விடிகாலை மொரப்பூரில் இறங்கி, பஸ் மாறி வந்திருக்கிறான்.

தாத்தாவுக்குக் கஸ்பார் என்று ஒரு தம்பி இருந்ததை அப்பா சொல்லி ராஜமேரி கேட்டிருக்கிறாள். அவள் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்.

"எங்க தாத்தா ஆரோக்கியமும் உங்க அப்பாவும் அண்ணன் தம்பி. அப்ப எங்கப்பாவுக்கு நீங்க தம்பி முறை. அடியாத்தீ... நீங்க எனக்குச் சித்தப்பாங்களா?"

அவனுக்கு இருபத்தேழு வயசுகூட இருக்காது. சித்தப்பா என்ற வார்த்தை அவன்மேல் பெரியப்பன் சட்டையை மாட்டியது போல் தொளதொளவென்று இருந்தது. அவள் முக்காட்டுக்குள் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான்.

"மழையில நனையற சித்தப்பாவுக்கு ஒரு கொடை கொண்டாரத் தெரியலியே அண்ணன் மகளுக்கு..."

"தங்கவயல்லேர்ந்து வர்றவரு பவுன்ல கொடை கொண்டாருவாருன்னு இருந்துட்டேங்க."

பாட்டி எங்கே என்று கேட்டான். பக்கத்து மேடுதான் அவர் சம்சாரம் என்று காட்டினாள். அதற்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினான். வரிசையில் இருந்த மற்ற மேடுகளுக்கு அவள் ஏற்றினாள். தாத்தா, ஆயா, கடைசியில் அவளுடைய அம்மா. வேலி ஓரம் தள்ளி இருந்த சின்ன மேட்டுக்கும் ஒன்று. அவன் பின்னாலேயே வந்து, அவள் பற்ற வைக்கிறவரைக்கும் காற்றுக்குக் கை மறைத்து நின்றான்.

ராஜமேரியின் அப்பா சவரிமுத்து சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவனை உட்காரச் சொன்னார், அவ்வளவுதான். கஸ்பார் பங்கு வாங்காமல் போனவர். கிணறும் அதைச் சுற்றியிருந்த நாலு ஏக்கரும் முழுசாக ஆரோக்கியத்துக்கு வந்தது எப்படி என்பது சவரிமுத்துவின் மனசில் வெகுநாள் முள். அந்த முள் இன்று காலும் கையும் முளைத்து வாசலில் வந்து நிற்பதாக அவருக்குப் பட்டது. அருள்நாதன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். தாத்தா கல்லறையில் ஒரு கல் சிலுவை நட அனுமதி.

"இன்னைக்குக் கல்லறையில சிலுவைக் கல்லு நடுவ. நாளைக்கு என் நெலத்துல எல்லைக் கல்லு நடுவ. வேணாம் தம்பி, போயிட்டு வா."

அருள்நாதன் முகம் கறுத்தது. "உங்க மண்ணு எனக்கு வேணாங்க. எங்க தாத்தாவைத் தேடித்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனான்.

இனி வரமாட்டான் என்றுதான் ராஜமேரி நினைத்தாள். கிறிஸ்துமஸ் பூசையில் கடைசி வரிசையில் அவன் நின்றான். சாம்பல் புதனுக்கு வந்தான். பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு வந்தான். சவரிமுத்து வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கல்லறையைச் சுத்தம் பண்ணுவான், செபம் சொல்லுவான், சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விடுவான்.

தண்ணீருக்குப் போகும் வழி கல்லறைத் தோட்டத்து மதில் ஓரம். குடத்தை மதில்மேல் வைத்துவிட்டு அவள் பேசுவாள். பூமிக்குள்ளே அத்தனை ஆழம் இறங்கிப் போகிறவர்களுக்குப் பயமாக இருக்காதா என்று கேட்பாள். கேழ்வரகு கதிர் விடுவது எந்த மாசம் என்று அவன் கேட்பான். ஒருநாள் அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டான். அம்மா முகம் நினைவிருக்கிறது, குரல்தான் மறந்துபோச்சு என்று அவள் சொன்னாள். அதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம். அடுத்த முறை அவள் போய்ப் பார்த்தபோது அம்மாவின் மேட்டில் ஒரு முள் இல்லை, ஒரு புல் இல்லை. சரிந்திருந்த மண்ணைக்கூட அணைத்துக் கட்டியிருந்தான்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்குப் புரிந்தது. அவன்மேல் அவளுக்கு மனசு போய்விட்டிருந்தது.

சித்தப்பன் என்றால் தகப்பனுக்குச் சமம். இது நினைக்கிற காரியமா? வாய்விட்டுச் சொல்லுகிற பாவமா? பாவசங்கீர்த்தனத் தொட்டி வரைக்கும் போய், சாமியாரிடம் பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இன்னொன்றும் அவளை உறுத்தியது. அவன் இன்னமும் அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டான். அண்ணன் மகளை யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா?

சித்திரையில் ஒருநாள் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் கோயில் பக்கவாசல் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். மண்வாசனை மேலே எழும்பி வந்தது. அவன் மெல்ல, "ராஜமேரி... நான் இங்க வர்றது தாத்தாவுக்காக மட்டும் இல்ல..." என்று ஆரம்பித்தான்.

"சொல்லாதீங்க சித்தப்பா."

விளையாட்டுக்கு எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான். அன்றைக்கு அது கதவைச் சாத்தியது போல விழுந்தது. அவன் கண்களில் ஏதோ அணைந்தது. தலையை ஆட்டினான். பெய்கிற மழையிலேயே இறங்கி பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தான்... அவள் கூப்பிடவில்லை. கூப்பிட எந்த முறையும் அவளுக்கு இல்லை.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. தொப்பூரில் லாரி வைத்திருக்கும் ஒரு குடும்பத்திலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். வேண்டாம் என்றாள். அவன் தேடி வந்த பாட்டனை அவன் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கக் கூடாதா என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக அன்றிரவு முழங்காலில் நின்று அழுதாள்.

மறு வருஷக் கல்லறைத் திருநாளுக்கு அப்பாவும் மண்வெட்டியோடு கூட வந்தார். இவர்கள் போய்ச் சேரும்போதே மதலைமுத்து கல்லறை முன்னால் இரண்டு பேர். ஒன்று அவன். இளைத்திருந்தான். மற்றது வெள்ளைப் புடவையில் ஒரு அம்மாள்.

சவரிமுத்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தள்ளியே நின்றுவிட்டார். அந்த அம்மாள்தான் தானாகப் பேசினாள். பேர் இன்னாசியம்மாள், கஸ்பாரின் சம்சாரம். மகனுக்கு மொரப்பூர்ப் பக்கம் ஒரு பெண் சொல்லியிருக்கிறார்களாம். இவன் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறான், பெரியவங்க ஆசீர்வாதம் வாங்கிக்கிட்டுப் போய்ப் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டு வந்தாளாம்.

ராஜமேரி பூக்கூடையைக் கீழே வைத்தாள். நல்லது, நல்லதுங்க என்று யாரோ சொன்னார்கள். அது அவள் குரல்தான்.

இன்னாசியம்மாள் இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றி, மதலைமுத்துவுக்கு ஒன்றும் பக்கத்து மேட்டுக்கு ஒன்றும் வைத்தாள். கண்ணை மூடி, தங்கவயலில் தன் புருஷன் தினமும் இறந்தவர்களுக்காகச் சொல்லிவந்த செபத்தை வாய்விட்டுச் சொன்னாள்.

"என் மாமனார் மதலைமுத்து ஆத்துமத்துக்காக... என் மாமியார் மிக்கேலம்மாள் ஆத்துமத்துக்காக... சர்வேசுரா, நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும்."

ராஜமேரி நிமிர்ந்தாள்.

"அம்மா... யாரு பேரு சொன்னீங்க?"

"மிக்கேலம்மா. உங்க கஸ்பார் தாத்தாவைப் பெத்தவங்க. அவுரு அம்மா பேரைச் சொல்லாத ஒருநாளும் தூங்கினதில்ல."

"இந்த மேட்டுல இருக்கறது சூசையம்மாங்க. மதலைமுத்து சம்சாரம். எங்க தாத்தாவோட அம்மா." அவள் வேலிப் பக்கம் திரும்பினாள். "மிக்கேலம்மா அங்க இருக்காங்க."

வேலி ஓரத்துச் சின்ன மேட்டைக் காட்டினாள். அவள் சிறுமியாக இருந்தபோது, அம்மா ஒவ்வொரு மேடாகத் தொடவைத்துச் சொல்லிக் கொடுத்த பேர்கள். இது உங்க தாத்தாவோட தங்கச்சி மிக்கேலம்மா, சின்ன வயசுல போய்ச் சேர்ந்தவங்க, யாரும் இல்லாதவங்கன்னு விட்டுடாத என்று அம்மா சொன்னது...

"அவங்க மதலைமுத்துவோட சம்சாரம் இல்லைங்க. மக."

மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. அருள்நாதன் அந்தச் சின்ன மேட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். மண்வெட்டிப் பிடியைப் பிடித்தபடியே சவரிமுத்து மெல்லக் கீழே உட்கார்ந்தார்.

"அத்தையைத் தொப்பூர்ப் பக்கம் கட்டிக் குடுத்திருந்தாங்க" என்றார். "புருசன் காலராவுல போயிட்டான்னு, வவுத்துல புள்ளையோட வூட்டுக்கு வந்துட்டாங்களாம். பெத்துப் போட்டுட்டுச் செத்துட்டாங்களாம். எங்கம்மா ஒருக்கா சொன்னாங்க. அந்தப் புள்ள என்னாச்சுன்னு நான் கேக்கல... கேக்கவே இல்ல."

கேட்கத் தேவையும் இல்லாமல் போயிருந்தது. அந்தப் பிள்ளையைப் பாட்டன் மதலைமுத்து மகனாக வளர்த்தார். அது அவரை அப்பா என்றே கூப்பிட்டது. ஊரும் ஆரோக்கியத்தின் தம்பி என்றே சொன்னது. பெரியவர் கண் மூடியதும், உனக்கு இங்கே பங்கில்லை என்று மாமன் ஆரோக்கியம் சொல்லியிருக்கவேண்டும். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை கிளம்பிப் போயிற்று. தன் தகப்பன் தம்பிக்குப் பங்கு கொடுக்காதவர் என்றுதான் சவரிமுத்து இத்தனை நாளும் நினைத்திருந்தார். செத்துப்போன தங்கையின் பிள்ளையை வெளியே அனுப்பியவர் என்பது அதைவிடக் கனமாக இருந்தது.

எழுந்து வந்து இன்னாசியம்மாள் முன்னால் கை கூப்பினார்.

"கஸ்பார் எனக்குச் சித்தப்பன் இல்லீங்க, அத்தை மகன், மச்சான். மச்சான் பொஞ்சாதி வாசல்ல வந்து நிக்கறப்ப இப்படி நின்னுட்டேன். வூட்டுக்கு வாங்கம்மா. தம்பியைப் போன வருசம் காப்பி குடிக்காம அனுப்பிச்சவன் நான்... இன்னைக்குச் சோறு தின்னுட்டுத்தான் போகணும்." பிறகு அருள்நாதனைப் பார்க்காமலே, "சிலுவை நடுப்பா. அத்தைக்கும் ஒண்ணு நடு" என்றார்.

இன்னாசியம்மாள் ஒரு பெண்ணைப் பெறாத குறைக்கு எல்லாப் பெண்களின் முகத்தையும் படிக்கத் தெரிந்தவள். மகன் முகத்தைப் பார்த்தாள், ராஜமேரி முகத்தைப் பார்த்தாள். ஒரு வருஷமாகப் பிடிபடாத ஏதோ அவளுக்குப் பிடிபட்டது. மச்சான் மகன் என்றால் கட்டிக்கொள்ளும் முறைதானே. அண்ணா, கொஞ்சம் கையைக் குடுங்க, சேறு வழுக்குது என்று சொல்லிக்கொண்டு சவரிமுத்துவோடு நடந்துவிட்டாள்.

வேலி ஓரத்து மேட்டில் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான் அருள்நாதன். மாமன் வீட்டில் பிறந்து, மாமன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட அப்பாவுக்காக அவன் தோள்கள் குலுங்கின. ராஜமேரி எதிர்ப்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேருமாகப் புல்லைப் பிடுங்கினார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். தலையைத் தூக்கவில்லை. "ஒரு வருசமா நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? அந்த மதலைமுத்து எங்க தாத்தாவா இருக்கக் கூடாதுன்னு. அப்பா சாகறப்ப கேட்டதைப் பொய்யாக்கிடு சாமின்னு... பெத்தவரு வேரையே வெட்டச் சொல்லிக் கேட்டேங்க. அந்தளவுக்கு உங்களை..."

அவளுக்குக் கண் நிறைந்தது. சொல்லாதீங்க என்று சொன்ன வாய் இது. முறை இல்லை என்று பூட்டிய பூட்டு இத்தனை நாள் நெஞ்சில் துரு ஏறிக் கிடந்தது.

"நானும் அதைத்தான் கேட்டேன்" என்றாள். "கேட்டுட்டு அழுதேன். உங்களுக்குத் தாத்தா வேணும், எனக்கு நீங்க வேணும்... ரெண்டும் எப்படி ஒண்ணா நடக்கும்னு தெரியல."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இத்தன கிட்டத்து உறவுன்னா கல்யாணத்துக்குச் சாமியார் பிஷப்புகிட்ட உத்தரவு வாங்கணும்பாங்க" என்றான் மெதுவாக. "மாசக்கணக்காகும். தங்கவயல்ல எங்க வூடு ஒத்த ரூம்பு. தண்ணிக்குக் கொழாயடியில நிக்கணும். வருவியா?"

முதல் முறையாக அவளை நீ என்றான். அது அவளுக்கு மழையைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.

"வரேன்" என்றாள். "கோடை மழையில நனைஞ்சுக்கிட்டுப் போனீங்களே... அன்னைக்கே உங்க பின்னால வந்துட்டேன். உடம்புதான் இங்க இருந்துச்சு."