ருக்ஸானாவின் முதல் ஓட்டம்

விளையாட்டுப் பாடம் வந்தால் ருக்ஸானாவுக்கு ஒரே வேலைதான்: பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருடைய பைகளையும் காவல் காப்பது. காரணம், ஆஸ்துமா. இதுவரை ஒரு திருடனும் வந்ததில்லை.

"ஓடச் சொல்றது டாக்டருக்கு ஈஸி. இழுப்பு வந்தா அவரா முழிச்சிருப்பார்?" என்பார் அம்மா.

டாக்டர் சொன்னது இதுதான்: "உன் மூச்சுக்குழாய் அப்பப்ப வீங்கிச் சுருங்கிடுது. திடீர்னு தலைதெறிக்க ஓடினா அது கூடலாம். மருந்தை விடாம, நிதானமாப் பழகினா, உடம்பு அதைச் சமாளிக்கக் கத்துக்கலாம்."

அதனால் புக்கிட் மேராவில், தங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றித் தினமும் நடந்தாள். பிறகு மெல்ல ஓடினாள். அம்மாவும் பின்னாலேயே வந்தார். அம்மாவுக்குத்தான் மூச்சு வாங்கியது. கடைசியில், "சரி, ஸ்கூல்லயும் ஓடு" என்றார்.

அடுத்த விளையாட்டுப் பாடத்தில் அவளுக்கு முதல் ஓட்டம். ருக்ஸானா கைகால்களை உதறி, நடந்து, உடம்பைச் சூடாக்கினாள்.

"என்ன ஆன்ட்டி, எக்சர்சைஸா?" என்றான் ஸ்ரீராம். வகுப்பிலேயே வேகமானவன். எல்லாரும் சிரித்தார்கள்.

சார் விசில் ஊதியதும் அவன் பறந்தான். இரண்டாவது சுற்றில் குனிந்து நின்றுவிட்டான். நெஞ்சிலிருந்து 'வீ... வீ...' என்று சத்தம்.

அந்தச் சத்தம் ருக்ஸானாவுக்குத் தெரியும். அவன் பையில் இன்ஹேலர் இருப்பதும் தெரியும். எத்தனை நாள் காவல் காத்தவள்!

"யார்கிட்டயும் சொல்லாத லா," என்று திணறினான்.

"சொல்லாம எப்படி? நேரா உட்காரு! சார்! சார்!"

பையை எடுக்க ஓடினாள், எல்லாருக்கும் எதிர்த்திசையில்.

மருந்தை இழுத்ததும் அவன் மூச்சு சீரானது. அதற்குள் ஓட்டம் முடிந்திருந்தது.

அடுத்த வாரம் பெஞ்சில் ஸ்ரீராம். நன்றி சொல்வான் என்று பார்த்தால், "உன்னாலதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு," என்றான்.

ருக்ஸானா அவன் முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"முதல்ல நடக்கணுமாம்."

"அப்ப வா."

"உன்கூடவா? மானம் போயிடும்."

"சரி, மானத்தோட உட்காரு."

அவள் நடந்தாள். பாதிச் சுற்றில் திரும்பிப் பார்த்தாள். திடலின் மறுகோடியில் ஸ்ரீராம் நடந்துகொண்டிருந்தான், அவளை யாரென்றே தெரியாதவன் போல.

விசில் ஒலித்தது. ருக்ஸானா ஓடினாள்.

கடைசியாகத்தான் வந்தாள். ஆனால், வந்தாள்.